12.5 எப்படி வந்தது? அயனித் திரவ சர்பேக்டன்ட் தண்ணீரில் மைசெல் ஆகும் கதை

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். திருமங்கலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட் செய்கிறீர்கள். டோடெசைல் மெத்தில் இமிடசோலியம் புரோமைடு என்று நினைத்து ஒரு பொருளை எடுத்து, தண்ணீரில் கரைத்து, 25 டிகிரியில் கடத்துத்திறன் அளந்தீர்கள். செறிவுக்கு எதிராக வரைந்த கோடு ஒடிகிற இடம், அதாவது மைசெல் தொடங்கும் செறிவு, 12.5 மில்லிமோலார் என்று வருகிறது. படித்த கட்டுரைகளில் எல்லாம் 9.5-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. மூன்று முறை செய்தும் அதே 12.5, அதே சரிவு விகிதம் (ஒடிந்த பிறகுள்ள சரிவை அதற்கு முந்தைய சரிவால் வகுத்தது) 0.4. பாட்டில் சீனியர் ஒருவர் விட்டுப்போனது, லேபிளில் இமிடசோலியம் வரைக்கும்தான் வாசிக்க முடிகிறது, மிச்சம் ஈரம் பட்டு அழிந்துவிட்டது. கூடவே ஒரு அடிப்படைக் கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள்: அயனித் திரவம் என்பது உருகிய உப்புதானே, அது ஏன் சோப்பு மாதிரி தண்ணீரில் மைசெல் (மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்ந்து கட்டும் சின்ன உருண்டை) ஆக வேண்டும், மற்ற சர்பேக்டன்ட்டுகளுக்கும் (ஒரு முனை தண்ணீரையும் மறு முனை எண்ணெயையும் நாடுகிற, சோப்பு போன்ற பொருள்கள்) இதற்கும் என்ன வித்தியாசம்?

மூன்று முறையும் ஒரே எண் வந்தது என்றால் கையில் தப்பில்லை என்றுதான் முதலில் தோன்றியது. 0.4-ஐப் பார்த்ததும் சந்தேகம் ஒரு பக்கமாகப் போய்விட்டது. ஆனால் அதை இப்போதே சொன்னால் நீங்கள் எண்ணைத் திருத்திக்கொண்டு போய்விடுவீர்கள், காரணம் பிடிபடாது. அதனால் அடிப்படையிலிருந்தே வருகிறேன்.

100 டிகிரிக்குக் கீழே உருகுகிற உப்பை அயனித் திரவம் என்கிறோம். சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும், ஏனென்றால் சோடியமும் குளோரைடும் சின்ன உருண்டைகள், நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அதே நேர் அயனியைப் பெரிதாக, கோணல்மாணலாக, மின்னூட்டம் ஒரு இடத்தில் குவியாமல் பரவினதாகச் செய்துவிட்டால் படிகம் கட்டவே சிரமம், உருகுநிலை இறங்கிவிடும். 1914-ல் பால் வால்டன் எத்தில் அம்மோனியம் நைட்ரேட் பற்றி எழுதினார், அது 12, 13 டிகிரியிலேயே திரவமாகிவிடும். இமிடசோலியம் வளையம் வைத்த உப்புகள் பிரபலமானதெல்லாம் வெகு பிற்பாடு.

இங்கே ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், பலரும் குழம்புகிற இடம் இது. அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்த நொடியிலேயே அது "திரவ உப்பு" என்ற தன்மையை இழந்துவிடுகிறது. பீக்கருக்குள் இருப்பது தண்ணீர், அதில் நீந்துகிற நேர் அயனி, எதிர் அயனி, அவ்வளவுதான். 9.5 மில்லிமோலார் என்றால் ஒரு லிட்டரில் 3 கிராம் சொச்சம், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 5,800 தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு சர்பேக்டன்ட். அவ்வளவு தனியாகத் தண்ணீருக்குள் திரிகிற மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடிப்பிடித்துக் கூட்டம் சேர்கின்றன. உருகுநிலை குறைவு என்பது பாட்டிலுக்குள் இருக்கும் வரைக்கும்தான் முக்கியம். தண்ணீருக்குள் முக்கியம் அதன் உடம்பமைப்பு: ஒரு முனையில் தலையாக மின்னூட்டம் உள்ள வளையம், மறு முனையில் 12 கார்பன் நீளத்துக்கு எண்ணெய் போன்ற வால். இந்த அமைப்பு இருந்தால் எந்தப் பெயர் வைத்தாலும் அது சர்பேக்டன்ட்தான்.

வால் குட்டையாக இருந்தால் இந்த வேலை நடக்காது. பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் என்று நான்கு கார்பன் வைத்ததைக் கரைத்தால் தளர்வாக ஒட்டி ஒட்டி விலகுமே தவிர, உருப்படியான மைசெல் என்று சொல்ல முடியாது. எட்டு கார்பன் வந்ததும் ஆரம்பிக்கிறது. குளோரைடு வரிசையில் மைசெல் தொடங்கும் செறிவைப் பாருங்கள்: எட்டு கார்பனுக்கு 200 மில்லிமோலாருக்கு மேலே, பத்துக்கு 55 முதல் 60, பன்னிரண்டுக்கு 13 முதல் 15, பதினான்குக்கு 3 முதல் 4, பதினாறுக்கு ஏறத்தாழ 1. இரண்டு கார்பன் கூடும் ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்காக இறங்குகிறது. மடக்கை எடுத்து கார்பன் எண்ணிக்கைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு, சரிவு ஏறத்தாழ 0.3. ஒற்றை வால் உள்ள அயனி சர்பேக்டன்ட் எல்லாவற்றுக்கும் இதே 0.3தான், எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசைல் சல்பேட்) குடும்பத்துக்கும் சரி, நம் இமிடசோலியத்துக்கும் சரி. வால் என்ற அளவில் இரண்டுக்கும் எந்த வேற்றுமையும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஏன் கூட்டம் சேர்கிறது? ரசத்தில் தாளித்துக் கொட்டின எண்ணெய்ப் பொட்டுகள் கொஞ்ச நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்கு எண்ணெய் மேல் அப்படி ஒரு ஈர்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் தன் கூட்டத்தோடு கொண்ட ஹைட்ரஜன் பிணைப்பை விட்டுக்கொடுக்காது. நடுவில் ஒரு எண்ணெய் வால் வந்து நின்றால் அதைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் பிணைப்பை இழக்காமல் இருக்க ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் திரும்பி நிற்க வேண்டியிருக்கிறது. வால்கள் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொண்டால் அந்தத் தண்ணீர் விடுதலையாகிறது, ஒழுங்கு குலைகிறது, என்ட்ரோபி கூடுகிறது. அறை வெப்பநிலையில் மைசெல் ஆகும்போது வெப்பம் உள்ளே போவதும் வெளியே வருவதும் மிகக் கொஞ்சம், லாபம் கிட்டத்தட்ட முழுக்க என்ட்ரோபிப் பக்கத்திலிருந்து. ஒவ்வொரு கார்பனுக்கும் மோலுக்கு ஏறத்தாழ 3 கிலோஜூல் லாபம், மேலே சொன்ன 0.3 சரிவிலிருந்தே இதைக் கணக்கிட்டுவிடலாம்.

மைசெல் ஆவதற்கு முன்னாடி இன்னொன்று நடக்கிறது. முதலில் போடும் மூலக்கூறுகள் தண்ணீரின் மேற்பரப்புக்குப் போகின்றன, தலை தண்ணீரில், வால் காற்றில். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து மளமளவென்று இறங்கி, 12 கார்பன் புரோமைடுக்கு 40-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். மேலே இடம் நிரம்பிவிட்டது, இனிமேல் வால் ஒளிய வேண்டுமானால் தண்ணீருக்கு உள்ளேயே ஒரு மறைவிடம் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் செறிவுதான் நாம் தேடுகிற மாறுநிலை மைசெல் செறிவு, லேபில் எல்லோரும் சொல்கிறபடி சி.எம்.சி.

இப்படி ஒரு கூட்டம் கரைசலுக்குள் இருக்கும் என்று மக்பெயின் என்ற வேதியியலாளர் 1913 வாக்கிலேயே சோப்புக் கரைசல்களை வைத்துச் சொன்னார். அவரைப் பற்றி எழுதாமல் போக மனம் வரவில்லை, ஏனென்றால் புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர்தான், வயதான காலத்தில் இந்தியாவுக்கு வந்து அந்த நிறுவனத்தை நிலைநிறுத்தினார். மைசெல் பற்றிப் படிக்கும் நம்மூர் மாணவர்களுக்கு இது யாரும் சொல்வதில்லை. உருண்டை வடிவம், உள்ளே திரவம் போன்ற வால்கள் என்று இன்று நாம் வரைகிற படம் 1936-ல் ஹார்ட்லி தந்தது.

அந்த உருண்டை எவ்வளவு பெரிசு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். டேன்ஃபர்டு தந்த வாய்பாட்டின்படி வாலின் நீளம் ஆங்ஸ்ட்ராமில் 1.5 கூட்டல் 1.265 பெருக்கல் கார்பன் எண்ணிக்கை. 12 போட்டால் 16.7. வாலின் கன அளவு 27.4 கூட்டல் 26.9 பெருக்கல் கார்பன் எண்ணிக்கை, அதாவது 350 கன ஆங்ஸ்ட்ராம். உருண்டையின் நடுவில் ஓட்டை இருக்க முடியாது, அதனால் உள்கருவின் ஆரம் வாலின் நீளத்தைத் தாண்டாது. 16.7 ஆரமுள்ள உருண்டையின் கன அளவை 350-ஆல் வகுத்தால் 55 சொச்சம் வரும். வெறும் பேனாவும் பேப்பரும் வைத்து, ஒரு கருவியையும் தொடாமல், மைசெலில் அதிகபட்சம் 55 பேர் இருக்க முடியும் என்று சொல்லிவிட்டீர்கள். ஒளிர்தல் அளவீட்டில் வருகிற எண்களும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் படத்தில் வரைகிற மாதிரி அது இறுகின உருண்டை என்று எண்ண வேண்டாம். மைக்ரோவினாடிக் கணக்கில் ஒரு மூலக்கூறு வெளியே போகும், இன்னொன்று உள்ளே வரும். அதைவிட மெதுவாக மொத்த உருண்டையே கலைந்து திரும்பவும் கூடும்.

சரி, இப்போது தலைக்கு வருவோம். இங்கேதான் இமிடசோலியம் வேறுபட ஆரம்பிக்கிறது.

வால் சேரச் சொல்கிறது, தலை விலகச் சொல்கிறது. ஐம்பது நேர் மின்னூட்டத்தை ஒரு சின்ன உருண்டையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது சாதாரண விஷயமா? அதே 12 கார்பன் வால், அதே புரோமைடு, தலை மட்டும் டிரைமெத்தில் அம்மோனியம் என்றால் சி.எம்.சி. 15. இமிடசோலியம் என்றால் 9.5. வால் மாறவில்லை, எதிரயனி (தலைக்கு எதிரான மின்னூட்டத்தோடு கூடவே வரும் அயனி, இங்கே புரோமைடு) மாறவில்லை, தலையை மாற்றினதற்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. காரணம் வளையத்தின் குணம். டிரைமெத்தில் அம்மோனியம் மூன்று மெத்தில் குழுக்களோடு பந்து மாதிரி இருக்கும், எதிரயனி மின்னூட்டத்துக்கு நெருங்கி வருவதை அந்த மெத்தில்கள் தடுக்கும். இமிடசோலியம் தட்டையான ஐந்து உறுப்பு வளையம், இரண்டு நைட்ரஜனிலும் அவற்றுக்கு இடையில் உள்ள கார்பனிலும் மின்னூட்டம் பரவி நிற்கிறது. அந்த இடைக்கார்பன் மேல் உள்ள ஹைட்ரஜன் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது, புரோமைடு போன்ற அயனியோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். தட்டையாக இருப்பதால் எதிரயனி மேலிருந்தும் கீழிருந்தும் நெருங்கி உட்காரலாம். ஆக, விலகச் சொல்கிற குரல் கொஞ்சம் தணிகிறது, குறைந்த செறிவிலேயே கூட்டம் கூடிவிடுகிறது.

எதிரயனிதான் உங்கள் ப்ராஜெக்டின் உயிர்நாடி, ஆனால் நீங்கள் எழுதி அனுப்பின ஒன்றரைப் பக்கத்தில் அது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மைசெலின் மேற்பரப்பில் 50 நேர் மின்னூட்டம் இருந்தால், புரோமைடு அயனிகள் எல்லாம் கரைசலில் சுதந்திரமாகத் திரிய முடியாது. ஏறத்தாழ 36 புரோமைடு அந்த உருண்டையை ஒட்டியே இருக்கும், மீதி 14 மட்டும் வெளியே. வெளியே விடப்பட்ட பங்கைத்தான் ஆல்ஃபா என்கிறோம், 14-ஐ 50-ஆல் வகுத்தால் 0.28. ஒட்டியிருக்கும் பங்கு பீட்டா, 0.72. இதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள், கடத்துத்திறன் கோடு ஒடிந்தது இதனால்தான். ஒடிவதற்கு முன் போட்ட ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு சுதந்திர அயனியாகி மின்சாரம் கடத்துகிறது. ஒடிந்த பிறகு போடுவதெல்லாம் மைசெலுக்குள் போய்விடுகிறது, கூடவே பெரும்பாலான எதிரயனியையும் இழுத்துக்கொள்கிறது. என் நோட்டில் புரோமைடுக்கு முதல் சரிவு ஒரு மில்லிமோலாருக்கு 92 மைக்ரோசீமன்ஸ், இரண்டாவது 26 சொச்சம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அதே 0.28.

இதை வைத்துக்கொண்டு ஆற்றலையும் கணக்கிடலாம். 2-லிருந்து ஆல்ஃபாவைக் கழித்து, அதை வாயு மாறிலி, வெப்பநிலை, மோல் பின்னத்தில் எழுதின சி.எம்.சி.யின் இயல் மடக்கை மூன்றாலும் பெருக்க வேண்டும். 9.5 மில்லிமோலார், 25 டிகிரி என்று போட்டால் மோலுக்கு மைனஸ் 37 கிலோஜூல் வரும். பலர் இங்கே ஆல்ஃபாவை மறந்துவிட்டு வெறும் மடக்கையை மட்டும் பெருக்கி 21 என்று எழுதுவார்கள். அது அயனி இல்லாத சர்பேக்டன்ட்டுக்குத்தான் சரி. நம்மதில் எதிரயனியும் மைசெலுக்குள் வந்து சேர்கிறது, அதன் பங்கையும் சேர்த்துத்தான் கணக்கு.

எந்த எதிரயனி எவ்வளவு ஒட்டும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. குளோரைடைச் சுற்றி தண்ணீர் இறுக்கமாக நிற்கும், அதை உதறிவிட்டு மைசெலை ஒட்ட அதற்கு மனசு வராது. புரோமைடு பெரியது, தண்ணீர்ப் பிடிப்பு குறைவு, சுலபமாக ஒட்டும். அயோடைடு இன்னும் சுலபமாக. அதனால் சி.எம்.சி. குளோரைடுக்கு அதிகம், புரோமைடுக்குக் குறைவு, அயோடைடுக்கு அதைவிடக் குறைவு.

மதுரைக்காரருக்கு இதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி சாயப் பட்டறை. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் தொட்டியில் கை கையாக உப்பை அள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஈரமான பருத்தி நூலின் மேல் எதிர் மின்னூட்டம், சாய மூலக்கூறின் மேலும் எதிர் மின்னூட்டம், இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பின் சோடியம் நடுவில் வந்து நின்று அந்தத் தள்ளுதலை மறைத்துவிடும், சாயம் நூலில் போய் உட்காரும். மைசெலிலும் இதே வேலைதான், குறிகள் மட்டும் தலைகீழ். சர்பேக்டன்ட் கரைசலில் கொஞ்சம் சோடியம் புரோமைடு போட்டுப் பாருங்கள், சி.எம்.சி. இறங்கிவிடும். இதனால்தான் எந்தத் தண்ணீரில் கரைக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை ஒரு தடவை அளந்தேன், கடத்துத்திறன் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. காற்றுபட்ட நல்ல டிஸ்டில்டு வாட்டர் 1 அல்லது 2 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும். 10 காட்டினால் திரும்ப வடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எதிரயனியே எண்ணெய்த்தன்மை கொண்டதாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சோடியம் டோடெசைல் சல்பேட்டுக்கு சி.எம்.சி. 8. சோடியத்தை எடுத்துவிட்டு பியூட்டைல் மெத்தில் இமிடசோலியத்தை வைத்தால் 2-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இங்கே வால் சல்பேட்டில் இருக்கிறது, இமிடசோலியம் எதிரயனி வேடம் போடுகிறது. அது வெளியே நின்று மின்னூட்டத்தை மறைப்பதோடு நில்லாமல், தன் நான்கு கார்பன் வாலை மைசெலின் ஓரத்துக்குள் செருகிக்கொள்கிறது. தனியாக மைசெல் ஆகத் தெரியாத அந்த நான்கு கார்பன் அயனி இன்னொன்றின் மைசெலில் பங்காளியாகிவிடுகிறது. சோடியத்தால் ஒருக்காலும் செய்ய முடியாத காரியம் இது. நீங்கள் கேட்ட வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால் இங்கேதான் இருக்கிறது: அயனித் திரவக் குடும்பத்தில் நேர் அயனி, எதிர் அயனி இரண்டையும் நம் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கலாம், இரண்டும் மைசெலைத் தீர்மானிக்கும்.

இன்னொரு நடைமுறை வித்தியாசமும் உண்டு. சி.டி.ஏ.பி. (செட்டில் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு) கரைசலை இரவில் ஏ.சி. போட்ட அறையில் வைத்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் அடியில் வெள்ளை ஊசிகளாகப் படிந்திருக்கும், அதன் கிராஃப்ட் வெப்பநிலை (இதற்குக் கீழே போனால் சர்பேக்டன்ட் கரையாமல் படிகமாகிவிடும்) 25 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. படிகம் கட்டச் சிரமப்படுகிற குணத்தால் நம் 12 கார்பன் இமிடசோலியம் அப்படிச் செய்வதில்லை, தெளிவாகவே இருக்கும். பாட்டிலுக்குள் திரவமாவதற்குக் காரணமான அதே குணம், கரைசலிலும் ஒரு வழியில் நமக்கு உதவுகிறது.

இனி உங்கள் 12.5-க்கு வருகிறேன்.

9.5-க்குப் பதில் 12.5 என்றால் 30 சதவீதத்துக்கு மேல் கூடுதல். முதல் சந்தேகம் ஈரம். இந்த உப்புகள் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், எடை போடும் நேரத்திலேயே ஸ்பேட்டுலாவில் ஒட்டி மினுமினுக்கும். பத்து சதவீதம் தண்ணீர் இருந்தால் சி.எம்.சி. பத்து சதவீதம்போலக் கூடித் தெரியும். முப்பது சதவீதம் கூடித் தெரிய வேண்டுமானால் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி தண்ணீராக இருக்க வேண்டும், அது கூழாகக் கையில் தெரிந்துவிடும். இரண்டாவது, வெப்பநிலை. 25-க்குப் பதில் 35-ஆக இருந்தாலும் சி.எம்.சி. சில சதவீதம்தான் நகரும். மூன்றாவது, வினையில் மிஞ்சின புரோமோடோடெகேன் போன்ற எண்ணெய் அசுத்தம். அது இருந்தால் சி.எம்.சி. குறைந்துதான் தெரியும், கூடாது. பரப்பு இழுவிசை வரைபடத்தில் ஒடிகிற இடத்துக்கு முன்னால் ஒரு பள்ளமும் விழும். இந்த மூன்றிலும் உங்கள் எண் அடங்கவில்லை.

மிச்சமிருப்பது: அது புரோமைடே இல்லை.

நீங்கள் கரைசல் தயாரித்தபோது மூலக்கூறு எடை 331.3 என்று வைத்துத்தானே எடை போட்டீர்கள்? பாட்டிலில் இருப்பது குளோரைடு என்று வைத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு எடை 286.9. அதே கிராமில் 1.155 மடங்கு அதிக மூலக்கூறு இருக்கும். உங்கள் 12.5-ஐ 1.155-ஆல் பெருக்குங்கள்: 14.4. மேலே குளோரைடு வரிசையில் 12 கார்பனுக்கு என்ன எழுதினேன்? 13 முதல் 15.

0.4-ம் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. சரிவு விகிதத்துக்கு ஒரு நல்ல குணம், எடையில் தப்பு இருந்தாலும் அது மாறாது. இரண்டு சரிவும் ஒரே மடங்கில் தப்பாகும், வகுக்கும்போது தப்பு அடிபட்டுப் போகும். ஆகவே 0.4 என்பது உண்மையான 0.4. புரோமைடுக்கு 0.28-ஐ ஒட்டி வர வேண்டியது இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால், ஒட்ட மனசில்லாத எதிரயனி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கேள்வியில் இந்த எண்ணைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது.

மூன்றாவது சாட்சி உங்கள் நோட்டிலேயே இருக்கிறது, நீங்கள் எழுதி அனுப்பவில்லை. முதல் சரிவு எவ்வளவு? புரோமைடும் குளோரைடும் தண்ணீரில் கடத்துகிற திறன் கிட்டத்தட்ட சமம், 78-ம் 76-ம். அதனால் குளோரைடை புரோமைடு என்று நினைத்து எடை போட்டிருந்தால், நினைத்ததைவிட அதிக அயனி இருப்பதால், முதல் சரிவு 90-களில் இல்லாமல் 105-க்கு மேல் போயிருக்க வேண்டும். ஈரம்தான் காரணம் என்றால் நேர் எதிராக 90-க்கும் கீழே இறங்கியிருக்கும். ஒரே எண், இரண்டு சந்தேகத்தையும் பிரித்துக் காட்டிவிடும்.

ஆனால் இந்தச் சரிவை நம்ப வேண்டுமானால் வெப்பநிலை நிற்க வேண்டும். கடத்துத்திறன் ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் ஏறும். ஒரு மே மாதம், அறையே 36 டிகிரியில் கிடந்த நாள், நான் பாதி அளவீட்டில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வாட்டர் பாத் நின்றுவிட்டது, மீட்டர் மட்டும் பேட்டரியில் ஓடியது. சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனேன், பீக்கருக்குள் 30-லிருந்து 34-க்கு ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து வரைந்தால் ஒடிகிற இடமே தெரியவில்லை, கோடு வழவழவென்று வளைந்து கிடந்தது. மைசெலால் விழ வேண்டிய சரிவை வெப்பம் தூக்கிப் பிடித்துவிட்டது. அந்த நாள் எடுத்த 28 புள்ளிகளையும் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். தொடங்குமுன் 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு வைத்து செல் மாறிலியைச் சரிபாருங்கள், 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும்.

புள்ளிகளைச் சமமாகப் பரப்ப வேண்டாம். ஒடிகிற இடத்தை ஒட்டி நெருக்கமாக எடுங்கள், ஆனால் நேர்கோடு போடும்போது அந்த நெருக்கமான புள்ளிகளை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் தள்ளியிருப்பதை வைத்துப் போடுங்கள். ஒடிவு கூர்மையாக இருக்காது, 12 கார்பனுக்கே ஒன்றிரண்டு மில்லிமோலார் அகலத்துக்கு வளைவு இருக்கும், அதற்குள் இருக்கிற புள்ளி எந்தக் கோட்டிலும் சேராது. முடிந்தால் பைரீன் என்ற ஒளிரும் பொருளை வைத்து ஒளிர்தலிலும் ஒருமுறை பாருங்கள், 373 நானோமீட்டரிலும் 384 நானோமீட்டரிலும் வருகிற இரண்டு உச்சிகளின் விகிதம் மைசெல் வந்ததும் இறங்கும். அது பைரீன் எண்ணெய்க்குள் குடிபோனதைக் காட்டுகிறது. இரண்டு முறையிலும் சி.எம்.சி. கொஞ்சம் முன்னே பின்னே வரும், இரண்டும் வேறு வேறு விஷயத்தைப் பார்ப்பதால்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். அயனித் திரவம் பச்சை வேதியியல், தீங்கில்லாதது என்று உங்கள் முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியைத் திருத்திவிடுங்கள். ஆவியாகாது என்பது உண்மை, அதனால் காற்று கெடாது. ஆனால் 12 கார்பன் வால் உள்ள இமிடசோலியம் பாக்டீரியாவின் மேல்தோலில் வாலைச் செருகி அதைக் கிழித்துவிடும், கிருமிநாசினி மாதிரி. பாசி, மீன் எல்லாவற்றுக்கும் விஷம், வால் நீள நீள விஷம் கூடும். எளிதில் மட்கவும் மட்காது. வாலின் நடுவில் எஸ்டர் இணைப்பு வைத்தோ, இமிடசோலியத்துக்குப் பதில் கோலினை வைத்தோ செய்கிறவர்கள் இந்தக் குறைக்குத்தான் வழி தேடுகிறார்கள். மழை பெய்தால் நம்மூர் வாய்க்காலில் நுரை பொங்கி ரோட்டுக்கு வருவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். நம் லேப் சிங்க்கில் ஊற்றுவதும் கடைசியில் ஏதோ ஒரு கண்மாய்க்குத்தான் போகும். அளந்து முடித்த கரைசலை ஒரு கேனில் தனியாகச் சேர்த்து வையுங்கள். எதிரயனியை மாற்றிப் பார்க்கும் ஆசையில் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் பக்கம் போக வேண்டாம், தண்ணீரோடு சூடாக்கினால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும்.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். பாட்டிலிலிருந்து கடுகளவு எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு, சில்வர் நைட்ரேட் சேருங்கள். தயிர் மாதிரி வெள்ளையாக வந்தால் குளோரைடு, இளமஞ்சள் சாயல் தெரிந்தால் புரோமைடு. டியூப் லைட் வெளிச்சத்தில் நிறத்தை நம்ப முடியாது, அதனால் மேலே இருக்கிற தெளிவை வடித்துவிட்டு, அடியில் நிற்பதன் மேல் நீர்த்த அம்மோனியா ஊற்றிக் குலுக்குங்கள். சில்வர் குளோரைடு கரைந்துவிடும், சில்வர் புரோமைடு அசையாமல் நிற்கும். அது கரைந்ததா இல்லையா என்பதையும், உங்கள் முதல் சரிவின் எண்ணையும் எழுதுங்கள்.